மேடை மேஜிக்குக்கு எந்தப் பெட்டி: டிராலியா, ப்ரீஃப்கேஸா, பிளைவுட் பெட்டியா?

உதவியாளர் இல்லாமல், மேடையில் நின்றபடி, 40 முதல் 45 நிமிடம் வரை மேஜிக் நிகழ்ச்சி நடத்துகிறவர் மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டிய கருவி அவருடைய பெட்டிதான் என்பது என் உறுதியான எண்ணம். கயிறும் வளையமும் பட்டுத்துணியும் கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி பொருந்தாமல் போனாலோ, ஒவ்வோர் ஐட்டத்துக்கும் இடையே குனிவதும் தேடுவதும் பார்வையாளருக்கு முதுகு காட்டுவதும் நிகழ்ச்சியின் நிரந்தரப் பகுதியாகிவிடும். கடையில் பெட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு கொள்ளும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறார்கள். இவை இரண்டும் மூடிய பெட்டியைப் பற்றிய கேள்விகள். நமக்கு முக்கியமானது திறந்த பெட்டி. பார்வையாளர் முன்னிலையில் அது எந்த உயரத்தில் நிற்கிறது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

இதற்குக் காரணம் நம் கலையின் வரலாற்றிலேயே இருக்கிறது. தெருவில் செப்படி வித்தை காட்டியவர்கள் தரையில் அமர்ந்து காட்டினார்கள். எதிரே செப்புகள், முழங்காலருகே பை, அதோடு மடி என்று அவர்களுக்கு வேண்டிய அனைத்தும் கையெட்டும் தொலைவில் இருந்தன. கேரளத்தில் மேஜிக் கலைஞர் வாழக்குன்னம் நம்பூதிரி பெயர்பெற்ற, செப்புகளுக்கடியில் பந்துகள் தோன்றி மறையும் செப்பும் பந்தும் இந்த மரபைச் சேர்ந்ததே. எழுந்து நின்றவுடன் கலைஞர் மடியை இழக்கிறார். ஐரோப்பிய மேடைகளில் அந்த இழப்பை முதலில் ஈடுகட்டியது தரைவரை துணி தொங்கும் பெரிய மேசை. 1845-இல் பாரிஸின் பாலே ரொயாலில் தம் அரங்கைத் திறந்த பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபர்ட் ஊதேன் அந்தத் தொங்குதுணிகளைக் களைந்து மெல்லிய மேசைகளைக் கொண்டுவந்தார். மேசையின் பின்விளிம்பில் பார்வையாளருக்குத் தெரியாத சிறு தட்டு மட்டும் எஞ்சியது. இன்று தனியாளாகப் பயணம் செய்கிற நமக்கு மேசையையும் அந்தத் தட்டையும் சேர்த்தே பெட்டி தர வேண்டியிருக்கிறது.

நம் ஊர் நிகழ்ச்சிகளின் இடவமைப்பையும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். திருமண வரவேற்பில் மேடையின் நடுப்பகுதியை மணமக்களின் இருக்கை பிடித்துக்கொள்ளும்; நமக்குக் கிடைப்பது ஓரத்தில் சிறிது இடம்தான். புகைப்படக்காரரும் வீடியோ எடுப்பவரும் மேடையிலேயே நமக்குப் பின்னால் நடமாடுவார்கள். ஜிம்மி ஜிப் கேமரா தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பதை எல்.இ.டி. திரையில் மண்டபம் முழுவதும் பார்க்கும். பள்ளிக்கூடமென்றால் திறந்த மைதானம், காற்று, மணல். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் குழந்தைகள் தரையில் நம் காலருகே அமர்ந்திருக்க, பெரியவர்கள் மாடிகளில் நின்று மேலிருந்து பார்ப்பார்கள். பார்வையாளர் எதிரில் மட்டுமே இருப்பார்கள் என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட பெட்டி இந்த மூன்று இடங்களிலும் தோற்றுப்போகும்.

அளவுகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, நம்மிடமுள்ள வளையாத பொருள்களில் மிகப் பெரியதன் அளவு. பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றோடொன்று கோத்தும் பிரித்தும் காட்டுகிற இணைவளையங்களாக இருக்கும். 12 அங்குல வளையத்தின் விட்டம் 30 செ.மீ.யைச் சற்றே தாண்டும். கயிறும் பட்டும் செய்தித்தாளும் எந்த இடத்திலும் அடங்கிவிடும் என்பதால் பெட்டியின் உட்பக்க அகலத்தை இந்த வளையமே தீர்மானிக்கிறது. இரண்டாவது, வேலை செய்யும் தளத்தின் உயரம். கையைத் தளர்த்தி முழங்கையை மடித்து நிற்கும்போது முன்கை இருக்கும் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தளம் அமைந்தால், குனியாமலும் தோளை உயர்த்தாமலும் பொருளை எடுக்கலாம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 85 முதல் 90 செ.மீ. வரும்.

இனி வகைகளுக்கு வருகிறேன். நான்கு சக்கர டிராலி சூட்கேஸ் எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பதால் பலர் அதிலேயே தொடங்குகிறார்கள். பயணத்துக்கு அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் பாலிகார்பனேட் ஓடு கொண்ட பெட்டி நடுவில் பிளந்து இரண்டு சம பாதிகளாக விரிகிறது. திறந்தவுடன் இருமடங்கு இடம் வேண்டும், ஒரு பாதிக்கு எப்போதும் தாங்கு தேவை. இழுகைப்பிடியின் குழாய்கள் உட்புறத் தளத்தில் புடைத்திருப்பதால் அங்கே எந்தப் பொருளும் நேராக நிற்காது. ஜிப்பின் ஓசை மைக்கில் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தரையில்தான் கிடக்கும். விழாக்காரர் மேசை தந்தால் மேலே ஏற்றலாம், அந்த மேசையோ பெரும்பாலும் கேட்டரிங் மேசையாக, நம் உயரத்துக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கும். இரண்டாவது பெட்டியையும் ஒலிக்கருவியையும் சுமக்கும் வண்டியாக டிராலியை வைத்துக்கொள்ளலாம் என்பதே என் மதிப்பீடு. மேடையில் அதைத் திறக்க வேண்டாம்.

அகல வாய் திறக்கும் பழைய மருத்துவர் பை போன்ற தோல்பையைச் சிலர் விரும்புகிறார்கள். 20 நிமிட நிகழ்ச்சிக்கும், பொருள்கள் குறைவாகவுள்ள சிறிய கூட்டத்துக்கும் அது அழகாகப் பொருந்தும். சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளின் பக்கம் தேடினால் செய்து தரவும் ஆள் கிடைக்கும். எனினும் அதற்குள் அடுக்கு என்பது கிடையாது, கடற்கரை ஊர்களின் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும், மேசை தனியே வேண்டும். முழு நீள நிகழ்ச்சிக்கு அதைப் பரிந்துரைக்க இயலவில்லை.

அலுமினிய ப்ரீஃப்கேஸ் தீவிரமான போட்டியாளர். கருவிப்பெட்டியாக விற்கப்படுகிற இவ்வகையில் பரவலாகக் கிடைப்பது 18 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 6 அங்குல ஆழம் கொண்டது. பெரிய வளையம் அதில் இழுத்துப்பிடித்து நுழையும் அல்லது நுழையாமலே போகும் என்பதால் வளையம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிற்கும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம். மேடையில் கையில் எடுத்துவந்து ஸ்டாண்டின் மேல் பொருத்தி, இரண்டு பூட்டுகளைத் திறந்தவுடன் நிகழ்ச்சி தொடங்கிவிடுகிறது என்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அந்த நுழைவை எனக்கு மிகவும் பிடிக்கும். பெட்டியின் 6 அங்குல விளிம்பே உள்ளிருப்பவற்றுக்குத் திரையாகிறது. மேடை 1 மீட்டர் உயரமென்றால், நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் மேடைத் தரையைவிடச் சற்றே உயரத்தில் இருக்கும்; அவரால் 90 செ.மீ. உயரத்திலுள்ள பெட்டிக்குள் எட்டிப்பார்க்கவே முடியாது. தரையில் அமர்ந்த குழந்தைகளுக்கும் அப்படியே.

இதன் குறைகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. மேலே அலுமினியத் தோற்றம் இருந்தாலும் உள்ளே மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய எம்.டி.எஃப். பலகைதான், அதில் நேரடியாகத் திருகாணி ஏற்றினால் சில நிகழ்ச்சிகளிலேயே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மூடியைப் பார்வையாளர் பக்கம் செங்குத்தாக நிறுத்தினால் மேலும் 33 செ.மீ. உயரத்துக்குச் சுவர் எழும்பி நம் மார்பை மறைத்துவிடும். ஏதோ அந்தச் சுவருக்குப் பின்னால் நடக்கிறது என்ற ஐயத்தையும் பார்வையாளருக்கு நாமே கொடுத்ததாகும். பெட்டியை நமக்கு நேரே வைக்காமல் வலது அல்லது இடது பக்கத்தில், மூடி கூட்டத்தைச் சாய்வாக நோக்கும்படி வைப்பதே இதற்கு எளிய தீர்வு. அப்போது உடல் முழுவதும் தெரியும், ஒரு கை மட்டும் பெட்டிக்குள் போய்வரும்.

ப்ரீஃப்கேஸின் வெற்றி தோல்வி ஸ்டாண்டைப் பொறுத்தது. கேமரா முக்காலியில் கால் அங்குலத் திருகு ஒன்றே முழு எடையையும் பிடித்திருக்கிறது. மூடி திறந்து எடை ஒரு பக்கம் சாயும்போது தலைப்பகுதி சுழலத் தொடங்கும். ஸ்பீக்கர் ஸ்டாண்டின் 35 மி.மீ. குழாய் அதைவிடப் பலமடங்கு உறுதியானது. ஸ்பீக்கர்களின் அடியில் இருப்பதைப் போன்ற குழிவான பொருத்தியைப் பெட்டியின் அடியில் பதித்துவிட்டால் குழாயின் மேல் அப்படியே இறக்கி நிறுத்தலாம். ஆனால் பல ஸ்பீக்கர் ஸ்டாண்டுகளை எவ்வளவு இறக்கினாலும் 1 மீட்டருக்குக் கீழே வராது, குழாயை வெட்டியாக வேண்டும். அவற்றின் பரந்த கால்கள் ஓடி வரும் குழந்தைகளின் காலிலும் மாட்டும். கீபோர்டு வாசிப்பவர்கள் பயன்படுத்தும் எக்ஸ் வடிவ ஸ்டாண்டு தட்டையாக மடங்கும், விலையும் எட்டக்கூடியது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: உயரத்தைக் கூட்டக் கூட்டக் கால்களுக்கிடையே உள்ள அகலம் குறைகிறது. 90 செ.மீ.க்கு உயர்த்தும்போது பக்கவாட்டில் ஆடும் மலிவான ஸ்டாண்டை மறுத்துவிட்டு, இரட்டைக் குழாய் கொண்டதை எடுக்க வேண்டும். திறந்தவெளியில் காற்றடிக்கும் இடமென்றால் எக்ஸ் ஸ்டாண்டின் அடிக்குழாய்களின் மேல் தண்ணீர்ப் பாட்டில் நிரப்பிய பையைக் கிடத்தினால் பெட்டி அசையாது.

நிமிர்ந்து நிற்கும் உருளும் மேசைப் பெட்டி என்ற வகையை மேலைநாட்டு மேஜிக் கடைகள் செய்து விற்கின்றன. இழுத்துக்கொண்டே மேடைக்கு வந்து நிறுத்தினால் போதும். மூடி மேசைத் தளமாகிறது, பின்புறம் அடுக்குகளாகத் திறந்திருக்கிறது. அமைக்கும் நேரம் அரை நிமிடம்கூட ஆகாது என்பதும், நிகழ்ச்சி முடிந்தவுடன் குழந்தைகள் சூழ்வதற்குள் மூடிவிடலாம் என்பதும் இதன் பெரும் பலம். வடிவமைப்பை மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்தது இதுவே. இறக்குமதிச் செலவு ஒருபுறமிருக்க, இரண்டு தடைகள் இங்கே உண்டு. அதன் சிறிய சக்கரங்கள் அரங்குகளின் வழவழப்பான தரையை நம்பியவை. பேவர் கற்களிலும் பந்தல் போட்ட மண் தரையிலும் அவை சிக்கிக்கொள்ளும். பின்புறம் முழுவதும் திறந்திருப்பதால், நமக்குப் பின்னால் நிற்கும் வீடியோக்காரரின் கேமராவுக்கு நம் அடுக்குகள் அத்தனையும் விருந்தாகும். ஒரே அரங்கில் தொடர்ந்து நிகழ்ச்சி செய்கிறவர், ரிசார்ட்டிலோ கப்பலிலோ ஒப்பந்தத்தில் இருப்பவர் இதை வாங்கலாம்.

கடைசியாக, பிளைவுட்டில் செய்வித்துக்கொள்ளும் பெட்டி. ஒலி, ஒளி அமைப்பாளர்கள் பயன்படுத்தும் கறுப்பு நிறப் பெட்டிகளைப் போல 9 மி.மீ. பலகை, அலுமினிய ஓரப்பட்டை, உருண்டை மூலைக்காப்பு, வண்ணத்துப்பூச்சி வடிவத் தாழ்ப்பாள் என்று செய்தால் லாரியில் எறிந்தாலும் உடையாது. தனியாள் தூக்கவும் முடியாது. நம் பொருள்கள் ஆம்ப்ளிஃபயர்கள் அல்ல, அந்த உறுதி நமக்குத் தேவையில்லை. 4 அல்லது 6 மி.மீ. பலகையில், மேலே ரெக்சின் ஒட்டி, உள்ளளவை நம் ஐட்டங்களுக்கு ஏற்பத் தச்சரிடம் சொல்லிச் செய்தால் எடை பாதியாகும். இந்த வகையின் தனிச்சிறப்பு கழற்றக்கூடிய கீல்தான். மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தித் தனியே எடுத்துவிடலாம் என்பதால் சுவர் எழும்பும் சிக்கலே இல்லை; எடுத்த மூடியை எக்ஸ் ஸ்டாண்டின் முன்பக்கத்தில் மாட்டினால் பெயர்ப்பலகையாகவும் ஸ்டாண்டை மறைக்கும் முகப்பாகவும் ஆகிறது.

ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகள் மட்டும் செய்கிறவருக்கும், தம் ஐட்டங்களை இன்னும் மாற்றிக்கொண்டே இருப்பவருக்கும் அலுமினிய ப்ரீஃப்கேஸும் எக்ஸ் ஸ்டாண்டும் போதும். நிகழ்ச்சியின் வரிசை உறுதியாகிவிட்டவர் 6 மி.மீ. பிளைவுட் பெட்டிக்கு மாற வேண்டும். வரிசை உறுதியாவதற்கு முன்பே தச்சரிடம் போவதுதான் பணத்தை வீணாக்கும் வழி. பெட்டிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக நல்ல ஐட்டத்தை விட்டுவிடுகிற நிலை அதனால் வரும். இரண்டில் எதுவானாலும், பொருள்களோடு சேர்த்து 12 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்ற வரம்பை நான் விடமாட்டேன். மண்டப மாடிப்படியில் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் ஸ்டாண்டும் ஏந்தி ஏறியபின், மூச்சு வாங்காமல் மைக்கைப் பிடிக்க அதற்கு மேல் இயலாது.

வாங்கிய பெட்டி பாதி வேலைதான். மீதிப் பாதி அதை மாற்றியமைப்பதில் இருக்கிறது. முதலில் அடித்தளத்தின் உட்புறத்தில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைப் பதித்து, பொருத்தியோ கொக்கியோ எதுவானாலும் அந்தப் பலகையோடு சேர்த்து நட், போல்ட்டால் முடுக்க வேண்டும். மூடி திறந்த நிலையில் பெட்டியின் எடைமையம் கீல் பக்கம் நகர்கிறது. எனவே ஒற்றைக் குழாய் ஸ்டாண்டைப் பயன்படுத்துகிறவர் பொருத்தியை நடுவில் வைக்காமல், எல்லாப் பொருள்களையும் உள்ளே வைத்து, மூடியைத் திறந்து, பெட்டியை ஒரு தடியின் மேல் நிறுத்திப் பார்த்து, சாயாமல் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டு அங்கே வைக்க வேண்டும். மூடி தேவைக்கு மேல் பின்சாயாமலிருக்கச் சங்கிலிக்குப் பதில் நாடா கட்டினால் ஓசை எழாது.

உள்ளடுக்கைப் பொருள்களின் அளவை வைத்துப் பிரிப்பது பயணப் பெட்டிக்குரிய முறை. நிகழ்த்துகிறவர் எடுக்கும் வரிசையை வைத்துப் பிரிக்க வேண்டும். வலக்கையால் முதலில் எடுப்பது வலது முன்மூலையில் இருக்கட்டும். அது வெளியே போனபின் அதன் இடம் காலியாகிறதல்லவா, பயன்படுத்தி முடித்த பொருள்களை இறக்குவதற்கான குழியாக அந்த இடமே மாறட்டும். முடிந்த பொருளை வைக்கும் இடம் தனியே இல்லாத பெட்டியில் மூன்றாவது ஐட்டத்துக்குள் எல்லாம் குவியலாகிவிடும். குழியின் அடியில் தடித்த ஃபோம் இட்டால் வளையம் விழுந்தாலும் ஓசை வராது. பின்விளிம்பில், நம் இடுப்புக்கு நேராக, 10 செ.மீ. அகலத்தில் துணித்தொட்டில் ஒன்றைத் தொங்கவிட்டால் பழைய மேசைகளின் மறைதட்டு செய்த வேலையை அது செய்யும். அதற்கு வெல்க்ரோ பயன்படுத்துகிறவர்கள் அதை நிகழ்ச்சிக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். நடுவில் பிரித்தால் அந்தக் கிழியும் ஓசை கடைசி வரிசைவரை கேட்கும்.

உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு வெல்வெட் ஒட்டுவதற்கு அழகைவிட வலுவான காரணம் இருக்கிறது. மேலிருந்து எடுக்கும் கேமராவுக்கு ஆழமும் பிரிவுகளும் தெரியாமல் வெறும் இருளாகத் தெரிய வேண்டும். ரகசியப் பொருள் இருக்கும் பிரிவுக்கு அதே துணியில் மூடுமடிப்பு ஒன்றும் தைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் நடமாடுகிறவர்களுக்காகத் தொட்டிலுக்கு வெளியே இன்னொரு கறுப்புத் துணி தொங்க வேண்டும். ஒட்டுவதற்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கியை நம்பக்கூடாது; வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகிப் பிரிவுகள் சரிந்துவிடும். ரப்பர் பசை வெயிலைத் தாங்கும், ஆனால் அது தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் தடுப்புகளுக்கு ஈ.வி.ஏ. ஃபோமே ஏற்றது. கடலோர ஊர்க்காரர்கள் திருகாணிகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குவதும், சீட்டுக்கட்டுகள் இருக்கும் மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் நலம்.

வெளியூர்ப் பயணம் உள்ளவர்கள் இன்னும் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ரயிலில் சிக்கல் குறைவு. ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம், ப்ரீஃப்கேஸும் மடித்த ஸ்டாண்டும் இருக்கைக்கு அடியில் போய்விடும். உள்நாட்டு விமானத்தில் கைப்பெட்டிக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. காலிப் பெட்டியின் எடையே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடுவதால், உடையக்கூடியவற்றையும் பதிலி கிடைக்காதவற்றையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சரக்கில் போடலாம். கயிறு வெட்டும் கத்தரிக்கோல் கையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் மாறாகக் கையில்தான் இருக்க வேண்டும். பற்றவைத்தவுடன் நொடியில் எரிந்து மறையும் நெருப்புக் காகிதத்தைக் கைப்பெட்டி, சரக்கு இரண்டிலும் கொண்டுபோக முடியாது என்பதால், விமானத்தில் போகும் நிகழ்ச்சியின் வரிசையை அது இல்லாமலே அமைத்துக்கொள்ள வேண்டும். சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள் என்பதை எதிர்பார்த்து, கலைக்கப்பட்டாலும் எந்தப் பொருள் எங்கே என்று பார்த்தவுடன் தெரியும்படி ஃபோமில் அந்தந்தப் பொருளின் வடிவத்திலேயே குழி வெட்டியிருந்தால், விடுதி அறையில் மீண்டும் அடுக்குவது எளிது.

ஒலிக்கருவியை மட்டும் இந்தப் பெட்டிக்குள் எக்காரணம் கொண்டும் சேர்க்க வேண்டாம். சிறிய ஸ்பீக்கரும் ஒயர்களும் மைக்கும் தனிப் பையில் இருந்தால், விழாக்காரரின் ஆளிடம் அந்தப் பையைத் தயங்காமல் கொடுத்து எடுத்துவரச் சொல்லலாம். மாயப் பொருள்கள் இருக்கும் பெட்டியை அப்படி எவரிடமும் கொடுக்க முடியாது. பூட்டுள்ள பெட்டி வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். எண் பூட்டைவிடச் சாவிப் பூட்டே சிறந்தது. மங்கிய ஒளியில் எண்களைத் தேடித் திருப்ப வேண்டிய அவசியமில்லை, மாற்றுச் சாவி ஒன்றை ஒலிக்கருவிப் பையில் போட்டு வைத்தால் போதும்.